மாட்டு வில்லை செம்மறிக்கு ஆகாது: காதுவில்லைப் பணியைத் திட்டமிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

கால்நடைத்துறையின் உயர் அலுவலர்களுக்கும், மதுரைச் சுற்று வட்டாரத்தில் ஆடுகளுக்குக் காதுவில்லை மாட்டும் பணியைத் திட்டமிடுவோருக்கும்,

செம்மறிக்குக் காதுவில்லை வேண்டும் என்று கேட்பவர்கள் நாங்கள். அதனால்தான் இப்போது நடக்கும் முறையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. 12 இலக்க எண் அச்சிட்ட பிளாஸ்டிக் தகடு, அந்த எண்ணைக் கண்ணால் படித்துக் கைப்பேசியில் அடித்து ஏற்றும் வேலை, ஓர் ஆட்டுக்கு ஓர் உரிமையாளர், ஓர் உரிமையாளருக்கு ஒரு கிராமம் என்ற பதிவு. வீட்டுக் கொட்டிலில் கட்டிக் கிடக்கும் இரண்டு கறவை மாட்டுக்கு இதெல்லாம் சரி. முந்நூறு, அறுநூறு உருப்படியோடு ஊர் ஊராக நகரும் கிடைக்கு, அதாவது வயல்களில் எருவுக்காக இரவில் அடைக்கும் ஆட்டு மந்தைக்கு, இது ஆகாது. ஆகாததை மாட்டிவிட்டு, வில்லை இல்லாத ஆட்டுக்கு ஊசி கணக்கில் ஏறாது, காப்பீடும் இல்லை என்றால் சுமை முழுதும் ஆட்டுக்காரர் தலையில்தான் விழுகிறது.

2019இல் எடுத்த 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் செம்மறி ஆடுகள் 45 லட்சம். இவற்றில் தென்மாவட்டங்களில் இருப்பவற்றில் பல கிடை ஆடுகள். சம்பா அறுவடை முடிந்ததும் இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கிடைகள் மேலூர், வாடிப்பட்டி வயல்களுக்கு வரும். கோடையில் திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர்க் கரிசலில் விதைப்புக்கு முன் கிடை அமரும். இந்த நடமாட்டத்தை உங்கள் பதிவு முறை கண்டுகொள்வதே இல்லை.

முதலில் நேரக் கணக்கைப் பாருங்கள். ஒரு செம்மறியைப் பிடித்து, காதைத் திருப்பி, ஒட்டிய சேற்றைத் துடைத்து, 12 இலக்கத்தை ஒருவர் சொல்ல இன்னொருவர் அடித்து, திரும்ப ஒருமுறை படித்துச் சரிபார்க்க ஒரு நிமிடத்துக்குக் குறையாது. முந்நூறு ஆட்டுக்கு ஐந்து மணி நேரம். விடிந்து, பட்டியை அவிழ்த்து மேய்ச்சலுக்குக் கிளப்பும் முன் கிடைப்பது இரண்டு மணி, மிஞ்சினால் மூன்று மணி நேரம். அதற்கு மேல் வலைக்குள் நிறுத்தினால் அன்றைய மேய்ச்சல் போய்விடும். சித்திரை வெயிலாக இருந்தால் சினையாடு தாங்காது.

ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசியை இதனோடு சேர்த்துப் பாருங்கள். உறைய வைத்து உலர்த்திய உயிர் மருந்து அது. 100 ஆட்டுக்கான குப்பியைக் கரைத்த பிறகு பனிக்கட்டியில் வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடித்தாக வேண்டும். ஆட்டுக்கு 1 மி.லி., தோலுக்கடியில். எண் படிக்கவே ஆட்டுக்கு ஒரு நிமிடம் என்றால் நூறு ஆட்டுக்கு 100 நிமிடம் அதிலேயே கழிந்துவிடும். ஊசி போடுகிறவர் மருந்து வீணாகாமல் பார்ப்பாரா, எண் தவறாமல் பார்ப்பாரா? மருந்தைத்தான் பார்ப்பார், அதுதான் சரியும்கூட. ஊசி முதலில் முடிகிறது. எண்கள் அப்புறம், பெட்டியில் வந்த வரிசைப்படி மொத்தமாக ஏறுகின்றன. செத்த ஆடும் போன மாதம் சந்தையில் விற்ற ஆடும் ஊசி போட்டுக்கொண்டதாகப் பதிவாகும். வில்லை விழுந்துபோன ஆடு ஊசி போட்டும் போடாததாகவே நிற்கும்.

இதைச் சின்னப் பிழையாக எண்ண வேண்டாம். ஆட்டுக்கொல்லி நோயை 2030க்குள் ஒழிப்பது உலக அளவில் ஏற்றுக்கொண்ட இலக்கு. ஒருமுறை ஒழுங்காகப் போட்ட ஊசி மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் காக்கும். எந்த ஆட்டுக்குப் போட்டது என்பது உறுதியாகத் தெரிந்தால் அடுத்த ஆண்டு புதுக்குட்டிகளுக்கும் விலைக்கு வாங்கிச் சேர்த்த ஆடுகளுக்கும் மட்டும் போட்டால் போதும். மருந்தும் மிச்சம், ஆளும் மிச்சம். பதிவை நம்ப முடியாததால்தான் எல்லா ஆட்டையும் மறுபடி பிடிக்க வேண்டியிருக்கிறது. அப்படியும் விட்டுப்போன குட்டிகளிடமிருந்து நோய் கிளம்புகிறது. கிடை நகர்வதால் அது ஒரு ஊரோடு நிற்பதும் இல்லை.

அடுத்தது வில்லை. காதிலிருந்து கொடிபோலத் தொங்கும் தகட்டு வில்லை சீமைக்கருவேல முள்ளில் மாட்டும், கிடை வலையின் கண்ணில் மாட்டும். வலைக்கு வெளியே கிடக்கும் தழைக்குத் தலையை நீட்டிவிட்டு ஆடு பின்வாங்கும்போது வில்லை வலையில் சிக்கிக் காது கிழியும். பட்டிக்குள் ஈ எந்நேரமும் உண்டு. கிழிந்த இடத்தில் முட்டையிட்டு இரண்டாம் மூன்றாம் நாளே புழு வைத்துவிடும். மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் நீலநாக்கு நோயின் காலமும் கூடவே வருகிறது. அப்போது காய்ச்சலும் முகவீக்கமுமாக நிற்கும் ஆட்டுக்குக் காதிலும் புண் வேண்டியதில்லை. வில்லை மாட்டத் தோதான காலம் தையும் மாசியும்தான். கிடைகள் அறுவடை வயல்களில் பக்கம் பக்கமாக அமர்ந்திருப்பதும் அப்போதுதான்.

மாட்டும் விதத்திலும் பிழைகள் நடக்கின்றன. காதில் குருத்தெலும்பு மேடாக ஓடும் இரண்டு வரிகளுக்கு நடுவே, தலையிலிருந்து காது நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளித் துளை விழ வேண்டும். இரத்தக் குழாய் எங்கே ஓடுகிறது என்று காதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துவிட்டு விலக்கிக் குத்த வேண்டும். நுனிப்பக்கம் குத்தினால் முதல் முள்ளிலேயே கிழியும். அடிப்பக்கம் குத்தினால் காது தடிக்கும்போது வில்லை இறுகி, அழுத்தத்தில் சதை செத்துச் சீழ் பிடிக்கும். ஊசித்தண்டுள்ள பாதி காதின் வெளிப்புறத்திலிருந்து உள்ளே வர வேண்டும். ஒரு நிறுவனத்தின் வில்லையை வேறொரு நிறுவனத்தின் இடுக்கியில் வைத்து அழுத்தினால் பூட்டு பாதிதான் விழும். பார்வைக்கு மாட்டியதுபோல இருந்துவிட்டுப் பத்தே நாளில் கழன்றுவிடும். ஒவ்வோர் ஆட்டுக்கும் இடையே இடுக்கியின் ஊசியைக் கிருமிநாசினியில் முக்கி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓர் ஆட்டின் நோயை நாமே அடுத்த ஆட்டுக்குக் கொண்டுபோகிறோம். ஊசி வளைந்தால் அங்கேயே மாற்ற வேண்டும், அதற்கு மாற்று ஊசி பையில் இருக்க வேண்டும். மாட்டிய ஏழாம் நாளும் பதினைந்தாம் நாளும் காதைப் பார்த்து, ஈ அண்டாமல் வேப்பெண்ணெய் தடவ வேண்டும். கடைசி வேலை எங்களுடையது, அதை நாங்கள் செய்கிறோம். முன்னவற்றைச் செய்ய வேண்டியது நீங்கள் அனுப்பும் ஆள். ஒரு நாளைக்கு இத்தனை ஆடு என்று இலக்கு வைத்து அனுப்பினால் அவரால் செய்ய முடியாது.

எங்கள் மந்தைகளில் காது சுருங்கி விரற்கடை அளவே இருக்கும் ஆடுகளும் உண்டு. அதில் எந்த வில்லையும் நிற்காது. அவற்றுக்கு வேறு வழி இருக்கிறது. எண் பதித்த மின்னணு சிப் வைத்த பீங்கான் குளிகையை வாய்வழியே விழுங்க வைத்தால் அது வயிற்றின் இரண்டாம் அறையில் தங்கிவிடும். வெளியே வராது, திருடனாலும் அறுத்தெறிய முடியாது. வளர்ந்த ஆட்டுக்குத்தான் ஏற்றது, குட்டிக்குக் கொடுக்கக் கூடாது. முன்காலில் கட்டும் சிப் பட்டையும் இருக்கிறது. காதில்லாத ஆட்டைப் பதிவிலிருந்து விட்டுவிடுவதைவிட இந்த இரண்டில் ஒன்றைத் தருவது மேல்.

கிடை ஆட்டுக்கு வேண்டியது மின்னணு வில்லை. ஏறத்தாழ 3 செ.மீ. குறுக்களவில், காதோடு ஒட்டி நிற்கும் பொத்தான் வடிவம். முள்ளில் மாட்டுவதற்குத் தொங்கும் பகுதி எதுவும் அதில் கிடையாது. உள்ளே பேட்டரி இல்லை. ரீடரை அருகில் கொண்டுபோனால் அதன் காந்தப்புலத்திலிருந்தே மின்சாரம் பெற்று எண்ணைச் சொல்லும். பன்னாட்டுத் தரம் ஐஎஸ்ஓ 11784, 11785. அலைவரிசை 134.2 கிலோஹெர்ட்ஸ். இந்தத் தரத்தில் எஃப்டிஎக்ஸ்-பி, எச்டிஎக்ஸ் என இரு வகை சிப்கள் உண்டு. வாங்கும் ரீடர் இரண்டையும் படிப்பதாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் படிப்பதை வாங்கிவிட்டு, அடுத்த ஒப்பந்தத்தில் மற்ற வகை வில்லை வந்தால் ரீடர் அலமாரியில்தான் கிடக்கும்.

ஒப்பந்தப்புள்ளி எழுதுவோர் இன்னொன்றையும் முன்கூட்டியே கவனிக்க வேண்டும். அந்தத் தரப்படி சிப்பின் எண் 15 இலக்கம். முதல் மூன்று நாட்டுக் குறியீடு, இந்தியாவுக்கு 356. மீதி 12 இலக்கம் ஆட்டின் எண். இப்போது வில்லையில் அச்சிடும் 12 இலக்கக் கால்நடை அடையாள எண்ணை, அதாவது பசு ஆதார் எண்ணை, அப்படியே அதில் வைத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் சிப்பில் அந்த எண்ணுக்கு ஒதுக்கியிருப்பது 38 பிட் மட்டுமே. அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 274,877,906,943. அதற்கு மேற்பட்ட எண், 28 என்றோ 3 என்றோ தொடங்கும் 12 இலக்க எண், சிப்புக்குள் நுழையவே நுழையாது. அப்போது வெளியே அச்சிட்ட எண் ஒன்று, உள்ளே இருக்கும் எண் வேறு என்றாகும். இரண்டையும் இணைக்கும் பட்டியல் ஒன்றைத் தனியாகக் காக்க வேண்டிவரும், அதில் ஒரு வரி பிசகினால் ஆடு மாறிப்போகும். செம்மறிக்கென்று இந்த வரம்புக்குள் அடங்கும் எண் வரிசையைத் தனியே ஒதுக்கி, உள்ளும் புறமும் ஒரே எண்ணாக வாங்குங்கள். வாங்குவதற்கு முன் செலவே இல்லாமல் தீரும் சிக்கல் இது. லட்சக்கணக்கில் வாங்கிய பிறகு தீராது.

ரீடர் மட்டும் வந்தால் வேலை முடிந்துவிடாது. கைத்தடி ரீடர் ஒரு சாணிலிருந்து ஒரு முழத்துக்குள்தான் படிக்கும். பட்டிக்குள் ஆடுகள் நெருக்கியடித்து நிற்கும்போது இரண்டு வில்லைகள் ஒரே நேரத்தில் புலத்துக்குள் வந்தால் இரண்டும் ஒன்றையொன்று மறித்து எதுவும் படியாது. அதற்கு ஒற்றை வரிசைச் சந்து வேண்டும். பட்டி வாயிலில் ஒன்றரை அடி அகலத்துக்கு மிகாமல், பத்துப் பன்னிரண்டு அடி நீளத்துக்கு இரு பக்கமும் தட்டி. அகலம் கூடினால் ஆடு உள்ளேயே திரும்பும், அதோடு வரிசை குலையும். தட்டி மூங்கிலோ சவுக்கோ ஆக இருக்கட்டும். இரும்புத் தட்டி அருகே இருந்தால் ரீடரின் எட்டும் தூரம் குறையும். வெல்டிங் இயந்திரம், ஜெனரேட்டர், மின்னணுத் தராசு போன்றவற்றின் இரைச்சலும் படிப்பதைக் கெடுக்கும். சந்தையில் இடம் தேர்ந்தெடுக்கும்போது இது நினைவிருக்கட்டும். சந்தில் வரும் ஆட்டுக்கு ஒருவர் ஊசி போட, மற்றவர் காதருகே ரீடரைக் காட்ட, முந்நூறு ஆடும் பட்டி கிளம்பும் நேரத்துக்குள் முடிந்துவிடும். எண் படிப்பதற்கென்று தனியாக ஒரு நொடிகூடத் தேவைப்படாது.

பதிவுக்கு வருகிறோம். ஒரு கிடையில் நாலைந்து பேருடைய ஆடுகள் சேர்ந்திருக்கும். வாரத்துக்கு விட்ட ஆடுகளும் இருக்கும். ஆடு ஒருவருடையது, மேய்ப்பவர் வேறொருவர், குட்டியில் பாதி அவருக்கு. கிடையை நடத்தும் தலைமை மேய்ப்பரான கீதாரிதான் எல்லாவற்றுக்கும் பொறுப்பு. உங்கள் செயலியோ ஆட்டை ஓர் உரிமையாளரின் கைப்பேசி எண்ணோடும் ஊரோடும் கட்டிப்போடுகிறது. அந்த உரிமையாளர் திருப்பூரில் வேலைக்குப் போயிருக்கலாம். அவர் கைப்பேசிக்குக் கடவு எண் வந்து, அதைக் கீதாரி கேட்டு வாங்கிச் சொன்னால்தான் ஊசி பதிவாகும் என்றால், சிக்னல் எட்டாத கரிசல் காட்டில் அது நடக்காது. ஆடு கமுதிப் பக்கம் பதிவாகி, நோய் கண்டபோது மேலூரில் நின்றால் எந்த மருந்தகம் பொறுப்பு? பதிவில் இருக்கும் ஊருக்குத் தகவல் போகும். நோய் இருப்பது இங்கே.

2024 அக்டோபரில் தொடங்கிய 21ஆவது கணக்கெடுப்பில்தான் முதன்முறையாக மேய்ச்சல் சமூகத்தாரின் கால்நடைகளைத் தனியே குறிக்க இடம் வந்தது. கணக்கெடுப்பில் ஏற்றுக்கொண்டதைக் காதுவில்லைப் பதிவிலும் ஏற்க என்ன தடை? கிடைக்கு ஒரு பட்டி எண் கொடுங்கள். அதன்கீழ் கீதாரி, பல உரிமையாளர்கள், அவரவர் ஆடுகள், இப்போது கிடை அமர்ந்திருக்கும் ஊர் என்று இருக்கட்டும். கிடை மாறும்போது கீதாரி ஒரே ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் போதும்: பட்டி எண், ஊர், உருப்படி எண்ணிக்கை. எங்கள் பக்கம் பட்டிப் புத்தகம் ஒன்று வைத்துக்கொள்கிறோம். தேதி, கிடை அமர்ந்த நிலம், பிறந்தது, செத்தது, விற்றது, வாங்கியது, கொடுத்த குடற்புழு மருந்தும் அளவும், போட்ட ஊசியின் குப்பி எண். ஒரு நாளுக்கு ஒரு வரி. இதற்கு மேல் எழுதச் சொன்னால் எழுதுவதாகப் பேர் பண்ணத்தான் முடியும்.

விற்பனைப் பதிவு எங்களால் ஆகாது, ஆக வேண்டியதும் இல்லை. திருமங்கலத்தில் வெள்ளிக்கிழமையும் அய்யலூரில் வியாழக்கிழமையும் எட்டயபுரத்தில் சனிக்கிழமையும் கூடும் சந்தைகளில் ஆடு விடிவதற்குள் இரண்டு மூன்று கை மாறிவிடும். அங்கே ஒவ்வொரு கைமாற்றத்தையும் விற்பவர் செயலியில் ஏற்ற வேண்டும் என்றால் யாரும் ஏற்றமாட்டார். ஆனால் சந்தையில் சுங்கம் வசூலிக்க வாயில் இருக்கிறது, சீட்டு எழுத ஆள் இருக்கிறார். ரீடர் அங்கே இருக்கட்டும். உள்ளே வந்தது எந்தப் பட்டியிலிருந்து, வெளியே போனது யார் சீட்டில், இரண்டு வாசிப்பு போதும்.

இதை நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2003 டிசம்பரில் விதி இயற்றி, 2009 டிசம்பர் 31 முதல் செம்மறிக்கு மின்னணு அடையாளத்தைக் கட்டாயமாக்கியது. அங்கேயும் பண்ணைக்காரர்கள் இதே நேரச் சுமையையும் ரீடர் செலவையும் சொல்லித்தான் எதிர்த்தார்கள். ஸ்காட்லாந்தில் சந்தையிலும் இறைச்சிக்கூடத்திலும் வாசித்துப் பொதுத் தரவுத்தளத்துக்கு அனுப்பும் ஏற்பாடு வந்தது. ரீடர் வாங்க வேண்டிய கட்டாயம் சிறு பண்ணைக்காரருக்கு அதனால் நீங்கியது. பிரிட்டனில் 12 மாதத்துக்குள் அறுப்புக்குப் போகும் குட்டிக்குத் தனி எண் தேவையில்லை, மந்தை எண் உள்ள ஒற்றை வில்லையே போதும். நமக்கு இது இன்னும் பொருந்தும். கிடாக்குட்டிகளில் பெரும்பாலானவை ஓராண்டு நிறையும் முன்பே விற்றுப்போகின்றன. அவற்றுக்கெல்லாம் 12 இலக்கத் தனிப் பதிவு தொடங்கி, முடிக்காமல் விடுவதால்தான் கணக்கில் ஆடு பெருகிக்கொண்டே போகிறது.

காப்பீட்டைப் பற்றிச் சுருக்கமாக. 2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு பயனாளியின் பிரீமியப் பங்கை 15 விழுக்காடாகக் குறைத்து, ஒருவர் காப்பீடு செய்யக்கூடிய அளவைப் பத்து மாட்டு அலகாக, அதாவது நூறு ஆடாக உயர்த்தியது. நல்ல முடிவு. ஆனால் செத்த ஆட்டின் காதில் வில்லை இல்லை என்றால் இழப்பீடு இல்லை என்ற நிபந்தனை அப்படியே நிற்கிறது. பிரீமியத்தைக் குறைத்த பலன் ஒரு கருவேல முள்ளில் போய்விடுகிறது.

எங்கள் கோரிக்கைகள் இவை. கிடை ஆடுகளுக்குத் தகட்டு வில்லை மாட்டுவதை நிறுத்தி, பொத்தான் வடிவ மின்னணு வில்லையைக் கொடுங்கள். மேலே சொன்ன 38 பிட் வரம்புக்குள் எண் வரிசை ஒதுக்கப்பட்டதா என்று ஒப்பந்தத்துக்கு முன்பே உறுதி செய்யுங்கள். விழுந்த வில்லைக்குப் பதில் வில்லை விலையில்லாமல் கிடைக்க வேண்டும். அது பிரிட்டனில் இருப்பதுபோல் சிவப்பு நிறத்தில் இருந்தால் மறுமுறை மாட்டியது என்று பார்த்தவுடன் தெரியும். பழைய எண்ணின் ஊசிக் கணக்கு புது எண்ணுக்கு மாற வேண்டும்.

ஒவ்வொரு கால்நடை மருந்தகத்துக்கும் இருவகை சிப்பும் படிக்கும் ரீடர் ஒன்று, மடக்கி வண்டியில் ஏற்றக்கூடிய தட்டிச் சந்து ஒன்று, மாற்று ஊசிகளோடு அந்தந்த வில்லைக்குரிய இடுக்கி ஆகியவை வேண்டும். செயலி சிக்னல் இல்லாத இடத்திலும் எண்களைச் சேர்த்து வைத்து, சிக்னல் கிடைத்ததும் அனுப்ப வேண்டும். பட்டி எண்ணும், கீதாரியின் கைப்பேசியும், கிடை அமர்ந்திருக்கும் ஊரும் பதிவில் இடம்பெற வேண்டும்.

கிடாக்குட்டிகளுக்குப் பட்டி எண் வில்லை போதும் என்று ஆணை பிறப்பியுங்கள். சந்தை வாயில் வாசிப்பைத் திருமங்கலத்தில் தொடங்குங்கள். இவை நடைமுறைக்கு வரும்வரை, வில்லை இல்லை என்ற காரணத்துக்காக எந்த ஆட்டுக்கும் ஊசியை மறுக்காதீர்கள். வில்லை விழுந்ததைப் பட்டிப் புத்தகத்தில் எழுதி மருந்தகத்தில் கையொப்பம் வாங்கியிருந்தால் காப்பீட்டு நிறுவனம் அதை ஏற்க வேண்டும் என்று எழுத்தில் சொல்லுங்கள்.

வரும் தை மாதம் மேலூர், திருமங்கலம் வயல்களில் அமரும் கிடைகளில் விருப்பமுள்ள சிலவற்றில் முன்னோட்டம் பாருங்கள். ஆளும் ஆடும் நாங்கள் தருகிறோம். பாதி ஆடுகளுக்குத் தகட்டு வில்லை, பாதிக்குப் பொத்தான் வில்லை. ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் எத்தனை விழுந்தன, எத்தனை காது புண்ணாயிற்று, நூறு ஆட்டை வாசிக்க எத்தனை நிமிடம் ஆயிற்று என்று எண்ணி, முடிவைத் தமிழில் வெளியிடுங்கள். முன்னோட்டம் உண்டா இல்லையா என்ற பதிலை, சம்பா அறுவடை தொடங்கும் முன் எழுத்தில் எதிர்பார்க்கிறோம்.

மதுரைச் சுற்று வட்டாரக் கிடை ஆட்டுக்காரர்கள்